மறதியா, பாசாங்கா? ரூத் கிராக்னெல் என்ற நடிகையைப் பற்றி

1984-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அரசுத் தொலைக்காட்சியான ஏபிசியில் மேகி என்ற கிழவியாக முதன்முதலில் தோன்றியபோது ரூத் கிராக்னெலுக்கு வயது 58. கதையில் வரும் மேகி அவரைவிட மூத்தவள், கணவனை இழந்தவள், ஞாபக மறதி மெல்ல மெல்ல முற்றிக்கொண்டு வருபவள். 'மதர் அண்ட் சன்' என்ற அந்த நகைச்சுவைத் தொடர் 1994 வரை விட்டுவிட்டு ஆறு வரிசைகளாக, மொத்தம் 42 பகுதிகளாக ஒளிபரப்பானது. அதற்கு முன்பே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மேடையிலும் வானொலியிலும் உழைத்த நடிகை அவர் என்றாலும், அந்த நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கு அவர் மேகியாகவே அறிமுகமானார், மேகியாகவே நினைவிலும் நின்றார்.

ஆஸ்திரேலியா என்றால் எங்கள் வேலூர்ப் பக்கத்தில் கிரிக்கெட்டும், படிக்கப் போன பிள்ளைகளின் விசா கவலையும்தான் பேச்சில் வரும். சிட்னியில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, "மாமா, நம்ம ஆயாவையே பாக்கற மாதிரி இருக்கும்" என்று சொல்லி இந்தத் தொடரின் டிவிடியைக் கொடுத்துவிட்டுப் போனாள். பள்ளி ஆண்டுவிழா நாடகங்களோடு நின்றுபோனவன் என்றாலும், நடிப்பைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. தொடரைப் பார்த்து முடித்த பிறகு, இந்த அம்மாள் யார், எங்கிருந்து இப்படி ஒரு நடிப்பைக் கற்றார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ரூத் கிராக்னெல் 1925 ஜூலை 6 அன்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மெய்ட்லண்ட் என்ற ஊரில் பிறந்தார். சிட்னியில் வளர்ந்து, வடக்கு சிட்னி பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அவர் நடிப்பைத் தொழிலாக எடுத்துக்கொண்டபோது, அந்த நாட்டில் நடிகர்களுக்குச் சோறு போட்டது மேடையைக் காட்டிலும் வானொலிதான். ஆஸ்திரேலியாவுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1956-இல்தான். அதுவரை சிட்னியின் வானொலி நிலையங்கள் நாடகங்களையும் தொடர்களையும் ஓயாமல் தயாரித்துக்கொண்டிருந்தன. அவற்றில் குரல் கொடுப்பவர்கள் காலையில் ஒரு நிலையத்தில் அரசியாகவும் மாலையில் இன்னொரு நிலையத்தில் வேலைக்காரியாகவும் மாறிக்கொண்டிருந்தார்கள்.

வானொலி நாடகத்தைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். திரைச்சீலையும் ஒப்பனையும் கைகொடுக்காத இடம் அது. தாளைப் புரட்டும் ஓசைகூட ஒலிவாங்கிக்குள் போய்விடாமல் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பாத்திரத்தின் வயது, கோபம், கபடம் எல்லாவற்றையும் குரலிலும், அதைவிட முக்கியமாகக் குரல் இல்லாத இடைவெளியிலும் காட்டியாக வேண்டும். பதில் சொல்வதற்கு முன் ஒருவர் அரை நொடி தாமதித்தால், கேட்பவர் அதை யோசனை என்றும் எடுத்துக்கொள்ளலாம், பொய் என்றும் எடுத்துக்கொள்ளலாம். மேகியின் உயிர்நாடி அந்த அரை நொடியில்தான் இருக்கிறது. அதன் வேர் இந்த வானொலி ஆண்டுகளில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

1950-களின் தொடக்கத்தில் அவர் லண்டன் சென்று பிபிசி வானொலியிலும் வேலை பார்த்தார். ஊர் திரும்பிய பிறகு, சிட்னியின் பிலிப் தெரு அரங்கில் அரசியலையும் சமூகத்தையும் கிண்டலடித்த பாட்டும் துணுக்கு நாடகமும் கலந்த நிகழ்ச்சிகளில் நடித்தார். ஒரு துணுக்கு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் உடையும் குணமும் மாறியாக வேண்டிய அந்த அரங்கம், அன்றைய ஆஸ்திரேலிய நகைச்சுவை நடிகர்கள் பலருக்குப் பயிற்சிக்கூடமாக இருந்தது. 1957-இல் எரிக் பிலிப்ஸ் என்பவரை மணந்தார்; மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அதன் பிறகும் மேடையை விடவில்லை. சினிமாவிலும் அவ்வப்போது தலைகாட்டினார். 1978-இல் வெளிவந்த 'தி சாண்ட் ஆஃப் ஜிம்மி பிளாக்ஸ்மித்' அவற்றில் ஒன்று. 1980-இல் அவருக்கு ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா விருது கிடைத்தது. மேகி வருவதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே அரசு அவரை மேடைக் கலைஞராக மதித்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சி அவரை உருவாக்கவில்லை.

இனி மேகிக்கு வருகிறேன். தொடரை எழுதியவர் ஜெஃப்ரி ஆதர்டன். மண வாழ்க்கை முறிந்துபோன ஆர்தர் என்ற பத்திரிகையாளன் தன் தாயோடு ஒரே வீட்டில் வசிக்கிறான். அவளுக்கு மறதி, தனியாக விடவும் முடியாது, அவளோடு நிம்மதியாக இருக்கவும் முடியாது. இன்னொரு மகன் ராபர்ட், பல் மருத்துவன். மனைவி லிஸ்ஸோடு வேறு வீட்டில் வசதியாக வாழ்கிறான். தாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வரும்போதெல்லாம் நழுவிக்கொள்கிறான். ஆனால் தாய்க்கு ராபர்ட்தான் செல்லப்பிள்ளை. கேரி மெக்டொனால்ட் ஆர்தராகவும், ஹென்றி ஷெப்ஸ் ராபர்ட்டாகவும், ஜூடி மோரிஸ் லிஸ்ஸாகவும் நடித்தார்கள். இவ்வளவுதான் கதை. பழிவாங்கலோ திடீர்த் திருப்பமோ கிடையாது. பெரும்பாலான காட்சிகள் வீட்டுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும்.

இந்த வேடத்தைச் சாதாரண நடிகை ஒருவரிடம் கொடுத்திருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். பாவம் கிழவி என்று பார்ப்பவர் உச்சுக்கொட்டும்படி நடித்திருப்பார். அல்லது ஊரைக் கூட்டும் வில்லியாக்கியிருப்பார். கிராக்னெல் இரண்டையும் செய்யவில்லை. மேகி உண்மையிலேயே மறந்துவிட்டாளா, அல்லது மறந்தது போலக் காட்டித் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்கிறாளா என்ற கேள்விக்கு அவர் 42 பகுதிகளிலும் முடிவான விடை தரவே இல்லை. ஆர்தருக்கு ஒரு பெண்ணோடு பழக்கம் ஏற்படும் நேரம் பார்த்து மேகியின் மறதி அதிகமாகும். முதியோர் இல்லம் என்ற பேச்சு எழுந்தால், அதுவரை தடுமாறிய நினைவு அடுத்த வாக்கியத்திலேயே கத்தி போலக் கூர்மையாகிவிடும். நெடிய, மெலிந்த உருவம் கிராக்னெலுக்கு; அந்த உடம்பைக் குறுக்கி, முகத்தில் பச்சைப்பிள்ளையின் குழப்பத்தை வைத்துக்கொண்டு நிற்பார். மகன் தலையைத் திருப்பியதும் கண்ணில் மட்டும் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போகும். அது வெற்றியின் வெளிச்சமா, வேறு ஏதோ நினைவா என்று நாம் தீர்மானிப்பதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும்.

எங்கள் வட ஆற்காட்டுப் பகுதியில் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய வித்தை இல்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடும் ராஜாவிடம் கட்டியங்காரன் என்ற கோமாளி, எதுவுமே தெரியாதவன் போல, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்பான். ராஜா சொல்லும் பதிலைத் தவறாகக் காதில் வாங்கிக்கொண்டு வேறெதையோ திருப்பிச் சொல்லுவான். ராஜாவுக்குக் கோபம் ஏற ஏற, கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பெரிய மனிதன் சிறுத்துக்கொண்டே போவான். எதுவும் தெரியாதவன் கையில்தான் அந்த இரவின் கடிவாளம் இருக்கிறது என்பது கூட்டத்துக்குப் புரிந்துவிடும். செய்யாறு பக்கத்துப் புரிசையின் கண்ணப்பத் தம்பிரான் போன்ற ஆசான்கள் வாழ்ந்த பூமி இது என்பதால், தெரியாதவன் போல நடிப்பதற்கு எவ்வளவு கணக்கு வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிராக்னெல் அந்தக் கட்டியங்காரனின் வேலையைத்தான் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தபடி செய்தார். ஒரு வேறுபாடு உண்டு. கட்டியங்காரன் நடிக்கிறான் என்பது கூட்டத்துக்கு நிச்சயமாகத் தெரியும். மேகி விஷயத்தில் அந்த நிச்சயத்தை அவர் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

அந்த நிச்சயமின்மையோடு நாள்தோறும் வாழ்பவர்கள் பலர் இருக்கிறார்கள், நானும் ஒருவன். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் என் அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் பக்கத்துத் தெருவில் இருக்கும் சின்னம்மா வந்தபோது, "ரெண்டு நாளா எனுக்கு ஒரு வாய் காபி கூட யாரும் குடுக்கல" என்று அம்மா அழாத குறையாகச் சொன்னார். அவர் காபி குடித்து வைத்த டம்ளர் அடியில் நுரை காயாமல் அவர் காலடியிலேயே இருந்தது. சின்னம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை இங்கே விவரிக்க விரும்பவில்லை. அன்று மாலையே சென்னையிலிருந்து அண்ணன் போன் செய்தார். குரல் சற்றும் பிசகாமல், "எனுக்கு இன்னாடா கண்ணு, நல்லா கீறேன், நீ ஒடம்பப் பாத்துக்கோ, பேத்திக்குப் பரீட்சை முடிஞ்சுதா?" என்று அம்மா கேட்டார். பேத்தியின் பரீட்சைத் தேதி எனக்கே நினைவில்லை.

ராபர்ட்டைக் கண்டதும் மேகியின் முகம் மலரும் காட்சிகளைப் பார்த்தபோது, அக்கா மகள் எதற்காக இந்த டிவிடியைக் கொடுத்தாள் என்பது புரிந்தது. மறதி நோய் எல்லா நினைவையும் ஒரே அளவில் அழிப்பதில்லை என்றும், காலையில் சாப்பிட்டது மறந்துபோனவருக்கு ஐம்பது ஆண்டு முன் நடந்தது துல்லியமாக இருக்கும் என்றும், விருந்தாளியோ வெளியூர்ப் பிள்ளையோ வரும்போது சற்று நேரம் தெளிவைக் கூட்டிக்கொண்டு பேச முடியும் என்றும் மருத்துவர்கள் விளக்குவார்கள். விளக்கம் சரிதான். ஆனாலும் கூடவே இருந்து பார்ப்பவனுக்கு எரிச்சல் வரும், உடனே அந்த எரிச்சலை நினைத்து வெட்கம் வரும், அதற்குப் பின்னால் அடக்க முடியாத சிரிப்பும் வரும். மூன்றும் ஒரே நிமிடத்தில் வருவதை அப்படியே காட்டிய நடிப்பு கேரி மெக்டொனால்டுடையது.

மெக்டொனால்டைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போவது நியாயம் ஆகாது. 1970-களில் நார்மன் கன்ஸ்டன் என்ற அசட்டுப் பேட்டியாளன் வேடத்தில் நாடு முழுவதையும் சிரிக்க வைத்தவர் அவர். 1976-இல் அந்த வேடத்துக்காகவே ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியின் உயரிய விருதான தங்க லோகியைப் பெற்றார். பிறரைத் திணறடித்துப் புகழ் பெற்ற அந்த நடிகர், இந்தத் தொடரில் ஒரு கிழவியிடம் திணறுபவனாக இருக்க ஒப்புக்கொண்டார். கிராக்னெல் சிரிப்பை வாங்குவதற்கு மெக்டொனால்டின் முகம்தான் களம். அவர் பொறுமையை இழக்கும் கணம் தாமதமாக வந்தால்தான் இவருடைய அப்பாவித்தனம் எடுபடும். அந்தத் தாமதத்தை இருவரும் பக்கவாத்தியக்காரர்கள் போலப் பங்கிட்டுக்கொண்டார்கள். பின்னாளில் தன் மனப்பதற்ற நோயைப் பற்றி மெக்டொனால்ட் வெளிப்படையாகப் பேசி, அத்தகைய நோயாளிகளுக்காகக் குரல் கொடுத்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது.

தொலைக்காட்சியில் மேகி வீடுதோறும் தெரிந்த முகமாக இருந்த அதே ஆண்டுகளில், கிராக்னெல் மேடையில் அதற்கு நேர் எதிரான ஒரு பெண்ணாக நின்றுகொண்டிருந்தார். 1988-இல் மெல்போர்ன் தியேட்டர் கம்பெனி, சைமன் பிலிப்ஸ் இயக்கத்தில், ஆஸ்கார் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' நாடகத்தை அரங்கேற்றியது. அதில் லேடி பிராக்னெல் வேடம் இவருக்கு. கிராக்னெலுக்குப் பிராக்னெல் என்று பெயரே எதுகையோடு அமைந்துவிட்டது. தன் மகளைப் பெண் கேட்டு வரும் இளைஞனிடம், வருமானம், வீடு, பெற்றோர் என்று குறிப்பேட்டில் குறித்துக்கொண்டே விசாரிக்கும் சீமாட்டி அவள். நம் ஊரில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக் கேட்கும் மாமியார்கள் யாரும் அவளுக்குச் சளைத்தவர்கள் இல்லை. அந்த இளைஞனாக நடித்தவர் ஜெஃப்ரி ரஷ், பின்னாளில் 'ஷைன்' படத்துக்காக ஆஸ்கர் விருது பெற்றவர்.

லேடி பிராக்னெலுக்கு எதுவும் மறக்காது. யாருக்கு எவ்வளவு நிலம், யார் எந்தக் குடும்பம் என்று விரல்நுனியில் வைத்திருப்பவள். ஒவ்வொரு வாக்கியத்தையும் தீர்ப்பாகவே உச்சரிப்பவள். குழம்பிய பார்வையும் தொங்கவிட்ட வாக்கியங்களுமாக இருந்த மேகியைப் பார்த்துப் பழகிய கண்கள், முதுகு நிமிர்ந்த இந்தச் சீமாட்டியை மேடையில் கண்டபோது எப்படித் தடுமாறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் இரண்டு கிழவிகளுக்கும் அடியில் ஓடுவது ஒன்றே. அந்த அறையில் யார் பேசலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை முடிவு செய்வது அவர்கள்தான். ஒருத்தி அதிகாரத்தால் செய்வதை இன்னொருத்தி இயலாமையால் செய்கிறாள்.

1994-இல், தொடர் நிறைவு பெற்ற அதே ஆண்டில், 'ஸ்பைடர் அண்ட் ரோஸ்' என்ற திரைப்படத்தில் அவர் முதன்மைப் பாத்திரமாக நடித்தார். முதிய பெண் ஒருத்தியும், அவளை ஆம்புலன்சில் வெகுதூரம் ஓட்டிச் செல்லும் இளைஞனும்தான் கதை. ஏறத்தாழ எழுபது வயதில் ஒரு நடிகைக்குக் கதாநாயகி வேடம்! நம் சினிமாவை நினைத்துக்கொண்டு இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம். 1997-இல் தன் வாழ்க்கைக் கதையை எழுதி வெளியிட்டார். மறு ஆண்டு கணவரோடு வெனிஸ் நகரத்துக்குச் சுற்றுலா சென்றபோது எரிக் அங்கே கடுமையாக நோய்வாய்ப்பட்டார். மொழி தெரியாத ஊரில், மருத்துவமனையில் கணவரின் அருகில் காத்திருக்க நேர்ந்தது. அந்த ஆண்டே எரிக் காலமானார். அந்த நாட்களையும் நாற்பதாண்டுத் தாம்பத்தியத்தையும் 'ஜர்னி ஃப்ரம் வெனிஸ்' என்ற நூலாக 2000-இல் எழுதினார். திரையில் பிறர் பராமரிப்பில் வாழும் கிழவியாகச் சிரிக்க வைத்தவர், தன் வாழ்க்கையில் பராமரிப்பவராக உட்கார்ந்திருந்த காலத்தை எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். லோகி விருதுகளின் புகழ் மண்டபத்தில் 2001-இல் சேர்க்கப்பட்டார். 2002 மே 13 அன்று, 76-ஆம் வயதில், சிட்னியில் இறந்தார்.

ஞாபக மறதியை நகைச்சுவைப் பொருளாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேலூரில், மருத்துவமனையை நம்பி நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து நோயாளிகள் வந்திறங்கும் ஊரில் இருந்துகொண்டு, நோயைப் பார்த்துச் சிரிப்பதை நான் எளிதாக ஏற்றுக்கொள்பவன் அல்லன். இந்தத் தொடரில் சிரிப்பு நோயின் மேல் விழுவதில்லை என்பதே என் பதில். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் ராபர்ட் மேல் விழுகிறது. தியாகி என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொள்ளும் ஆர்தர் மேலும் விழுகிறது. மேகி சிரிப்பை மூட்டுகிறாளே தவிர, சிரிப்புக்கு ஆளாவது அரிது. நம் தொலைக்காட்சித் தொடர்களில் வயதான பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் இடத்தை இதோடு வைத்துப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. பூஜையறையில் அழுவாள், அல்லது சமையலறையில் சதி செய்வாள். மேடையில் தொடங்கி எண்பது வயதைத் தாண்டியும் நடித்த எஸ்.என். லட்சுமி போன்றவர்களிடம் எத்தனையோ மேகிகள் இருந்திருப்பார்கள். அவர்களுக்குப் பாட்டி வேடத்தில் நாலு வரி வசனத்துக்கு மேல் எழுதிக்கொடுக்க ஆள்தான் இல்லை.

கதை பிற இடங்களுக்கும் போயிருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் 'கீப்பிங் மம்' என்ற பெயரில் ஸ்டெஃபனி கோல் தாயாக நடிக்க எடுத்தார்கள். 2023-இல் ஏபிசியே டெனிஸ் ஸ்காட், மேட் ஒகைன் இருவரையும் வைத்து இக்காலத்துக்கு ஏற்றபடி புதிதாக எடுத்தது. தமிழில் யாரேனும் எடுக்க முன்வந்தால் தாயாக ஊர்வசியைத் தவிர வேறு யாரையும் என்னால் யோசிக்க முடியவில்லை. பேச்சை நடுவில் விட்டுவிட்டு எங்கோ பார்த்து, திரும்பி வந்து எதிராளியைக் கவிழ்க்கும் வித்தை அவரிடம் இருக்கிறது. வீடு சென்னையில் வேண்டாம். காட்பாடியிலோ தொரப்பாடியிலோ இருக்கட்டும், சென்னையிலிருந்து போன் செய்யும் வேலையைப் பெரிய பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். அம்மா எதையாவது மறக்கும் ஒவ்வொரு முறையும் பின்னணியில் வயலினை இழுக்காமல் இருப்பதாகத் தயாரிப்பாளர் முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.